கைதூக்கி நின்ற வைப்பர்கள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்கள் வேலைக்குப் போன காலத்தில் அவர்களுடைய பிள்ளைகளில் நாலு பேரையும் நான்தான் வளர்த்தேன். ஒன்பது பேரும் முழுசாக இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் என் மருமகன் கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்துகொண்டு சொல்லுகிற கதையில் நான் ஒரு காரைக் கெடுத்த கிழவி மட்டும்தான். அவர் சொல்லச் சொல்லக் கதை நீளுகிறது. போன கிழமை கார்க் கண்ணாடியே உடைந்துவிட்டதாம். கண்ணாடி உடையவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து மெல்லத்தான் வரும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத எனக்குத்தான் உரிமை உண்டு.

நாங்கள் சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற ஊரில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நான், இளைய மகள், மருமகன், அவர்களுடைய மகள். பேத்திக்கு இருபத்தொரு வயது. வீடு வீடாகப் போய் வயது போனவர்களைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. சொந்த வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறேன், அதற்குச் சம்பளம் இல்லை, அதனால் வெளியே தேடினாள். வேலை தொடங்க ஒரு மாதம் இருந்தது. கார் ஓடும் லைசன்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. சோதனையில் ஏற்கனவே இரண்டு தரம் கோட்டை விட்டுவிட்டாள். மூன்றாம் தரமும் விட்டால், இவளுக்குக் கார் ஓட மனம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நிபுணரிடம் அனுப்பிப் பார்ப்பார்களாம். மூன்றாவது சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

திங்கள் பின்னேரம் வானம் சாம்பல் பிடித்திருந்தது. வழக்கமாக எங்கள் கார் கட்டடத்துக்குக் கீழே உள்ள கராஜில் நிற்கும். அந்த மாதம் அங்கே திருத்த வேலை நடந்ததால் வெளியே நின்றது. பல்கனியால் பார்த்தேன். வரிசையாக நின்ற கார்களின் நடுவே எங்கள் கார், இரண்டு வைப்பரையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

பனி கொட்டப்போகிறது என்றால் இந்த ஊரில் வைப்பரைத் தூக்கி நிறுத்திவிடுவார்கள், கண்ணாடியோடு சேர்ந்து உறையாமல் இருக்க. முப்பது வருஷமாக இங்கே இருக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். மற்றவர்களின் கார் எப்படி நின்றாலும் எனக்கென்ன. எங்கள் கார் அப்படி நின்றதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். இடுப்பில் ஒரு பிள்ளையும் சீலைத் தலைப்பில் இரண்டு பிள்ளைகளுமாக நின்றிருக்கிறேன். கையைத் தூக்கு என்ற ஆமிக்காரனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு கையையும் எப்படித் தூக்குவது என்று அவன் சொல்லித்தரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சோதனைக்குப் போகிற பிள்ளையின் கார் இரவு முழுக்க அப்படி நிற்பது எனக்குச் சரிப்படவில்லை.

கீழே போய் இறக்கிவிட்டேன். சும்மா இறக்கிவிட்டு வரும் ஆள் நான் இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்பதுதானே பயம்? ஒட்டாமல் இருக்க எண்ணெய் பூசினால் போயிற்று. தேங்காயெண்ணெய்ப் போத்தலை ஹீட்டரின் மேல் வைத்து உருக்கிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இரண்டு ரப்பருக்கும் நீளத்துக்குத் தடவினேன். மாரி முழுக்க அந்த எண்ணெய் குளிருக்குக் கட்டியாகிப் போத்தலுக்குள் கல்லுமாதிரி இருக்கும், ஒவ்வொரு நாளும் நான்தான் உருக்குகிறேன். வெளியே வீட்டைவிடக் குளிர் என்ற யோசனை மட்டும் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

காலையில் முழங்கால் மட்டத்துக்குப் பனி. மகள் ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கும் வேலைக்கு விடியவே போய்விட்டாள். மற்ற மூன்று பேரும் ஏழரைக்குக் கீழே இறங்கினோம். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, நான் வழியனுப்பப் போனேன். மருமகன் காரின் மேல் கிடந்த பனியை அவசரத்தில் ஒன்றையும் கவனிக்காமல் தள்ளினார். பேத்தி உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாள். முதல் நாள் வைப்பர் சுவிச்சை அணைக்காமலே மருமகன் காரை நிறுத்தியிருக்கிறார். அதனால் சாவி திரும்பியதும் வைப்பரும் கிளம்பியது. ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். ஓட்டுபவருக்கு முன்னால் இருந்த வைப்பர் அசையவே இல்லை, உள்ளே மோட்டார் மட்டும் உறுமியது. மற்றது அசைந்தது, ஆனால் ரப்பரைப் பாதியாகக் கிழித்துக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வந்தது.

“நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு!” என்று மருமகன் கத்தினார்.

அவள் நிறுத்திவிட்டு இறங்கினாள். “அப்பா, வைப்பரைத் தூக்கி விடுங்கோ எண்டு நேற்றுச் சொன்னனான் எல்லோ?”

“சத்தியமாத் தூக்கி விட்டனான்!”

“அப்ப எப்பிடிக் கீழை கிடக்கு?”

“காத்துக்கு விழுந்திருக்குமோ?”

“ஓம், இரவு நல்ல காத்து” என்றேன் நான். ஒரு இலைகூட அசையாத இரவு அது.

நான் லிஃப்டில் மேலே போய்க் கேத்தலில் கொதிதண்ணீர் கொண்டுவந்தேன். காருக்குக் கிட்டப் போகவில்லை, அதற்குள் முதலாம் மாடிக் கிழவர் இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். சுவிஸ்காரர், என் வயது இருக்கும். நாங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்த பதினொரு வருஷத்தில் என்னோடு ஒரே விஷயம்தான் கதைத்திருக்கிறார்: உடுப்புத் தோய்க்கும் அறையை யார் எந்த நாளில் பாவிக்கலாம் என்பது. பனி வாரிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு வந்திருந்தார்.

“சுடுதண்ணி ஊத்தினாக் கண்ணாடி வெடிக்குமாம், அம்மம்மா” என்றாள் பேத்தி.

கிழவர் கிழிந்த ரப்பரைக் கையில் எடுத்தார். அதில் வெள்ளையாக மெழுகுமாதிரி ஏதோ அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

“கோகோஸ்?” என்றார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மூன்று பேரும் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள். என் தலையிலும் அதே வாசம்தான்.

“ஓம், நான்தான்” என்றேன். “இறக்கினதும் நான், பூசினதும் நான்.”

“மாமி, காருக்குத் தலை இழுக்க வெளிக்கிட்டனீங்களோ?” என்றார் மருமகன். “பின்னலும் போட்டு விட்டிருக்கலாமே.”

“இந்த எண்ணெயாலை எனக்கு இண்டைக்கும் தலைமயிர் இருக்கு. உங்கடை தலையிலை என்ன இருக்கு?”

கிழவர் மருமகனின் தலையைப் பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை.

“ஏன் அம்மம்மா இறக்கினீங்கள்?”

“பார்க்க வடிவில்லை” என்றேன்.

அவள் நேரத்தைப் பார்த்தாள். எட்டு மணி ஆகப்போகிறது. “இண்டைக்கு விட்டா அடுத்த திகதி கிடைக்க ரெண்டு மாதம் ஆகும். வேலையை வேறை ஆருக்கும் குடுத்திடுவினம்” என்றாள். கேத்தல் என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

கிழவர் போய் ஒரு பெட்டியோடு வந்தார். அசையாத வைப்பரின் அடியில் சின்னக் கறுப்பு மூடி ஒன்று இருக்கிறது. அதைக் கிளப்பிக் காட்டினார், உள்ளே ஒரு நட்டு. ஐஸில் ஒட்டியிருந்த வைப்பரை மோட்டார் இழுத்த இழுவையில் அந்த நட்டு இளகிவிட்டது. அதனால்தான் மோட்டார் உறுமியும் வைப்பர் வரவில்லை. ஐஸ் உருக்கும் மருந்தடித்து வைப்பரை விடுவித்து, சரியான இடத்தில் வைத்து, நட்டை இறுக்கினார். எண்ணெயைத் துடைக்கத்தான் நேரம் போனது. நல்ல எண்ணெய், சும்மா போகுமா?

கிழிந்த ரப்பருக்கு என்ன செய்வது? அவருடைய காரும் எங்களுடைய காரைப்போல ஒன்றுதான். அதில் அந்தப் பக்கத்து வைப்பரைக் கழற்றி எங்களுடையதில் கொளுவிவிட்டு, பேத்தியிடம் விரலை நீட்டி ஏதோ சொன்னார்.

“பன்ரெண்டு மணிக்கு முன்னம் திருப்பித் தரவேணுமாம்.”

அவர்கள் புறப்பட்டார்கள். நான் மேலே வந்து சாமிக்கு விளக்கு வைத்தேன். எந்த எண்ணெயில் என்று கேட்க வேண்டாம்.

பதினொன்றரைக்குக் கார் வந்து நின்றது. பேத்தி இறங்கினாள். காரின் பின்னால் ஒட்டியிருந்த, பழகுகிறவர்களுக்கான நீல நிற எல் தகட்டைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, பல்கனியில் நின்ற எனக்குக் காட்டினாள். இனி அது அவளுக்குத் தேவையில்லை.

சோதிக்க வந்தவர், இப்படியான நாளில் கார் ஓட வெளிக்கிட முன் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டாராம். இவள் வைப்பர் சுவிச்சில் தொடங்கி, கொதிதண்ணீர், கறுப்பு மூடி, நட்டு என்று சொல்லிக்கொண்டே போக, அவரே போதும் என்றாராம். ஆக, அந்தக் கேள்விக்கு அவளைத் தயார்படுத்தியது யார்? மருமகன் இந்த இடத்தைக் கோயிலில் சொல்வதில்லை.

“எண்ணெயையும் சொன்னனியோ?” என்று கேட்டேன்.

“இல்லை அம்மம்மா. அது குடும்ப ரகசியம்.”

அந்த ரகசியம் மருமகன் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது.

வைப்பரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கிழவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு வைப்பரை மணந்து பார்த்தார். பிறகுதான் வாங்கினார்.

இப்போது பனி வரும் என்றால் நான்தான் கீழே போய் வைப்பர்களைத் தூக்கி விடுகிறேன். ஆளுக்கொரு பழைய காலுறையும் போட்டு விடுவேன். அப்போது அது கைமாதிரித் தெரியாது, கால்மாதிரித் தெரியும். காலைத் தூக்கச் சொல்லி ஒருவரும் என்னை வரிசையில் நிறுத்தியதில்லை.

பேத்தி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான்.

பிள்ளை, இங்கை வா. இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரியாதை. வைப்பரை ஏன் இறக்கினன் எண்டு அண்டைக்குக் கேட்டனி எல்லோ, அந்த இடம் வரேக்கை மட்டும் ஆறுதலா வாசி. உன்ரை அப்பா இன்னும் வரேல்லைத்தானே?