புது விண்டோஸ் மொழிபெயர்த்த என் ஆய்வேடு

கடலூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2004இல் வாங்கியது. ஆறு வருஷம் அது பழைய விண்டோஸ் எக்ஸ்பியோடு சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தியது. கொஞ்சம் சூடாகும். பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தால் ஓடும். காற்று அதற்கு, வியர்வை எனக்கு. அதில்தான் என் எம்.ஃபில். ஆய்வேட்டை ஏழு மாதமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பிச்சாவரம் பக்கத்து மீனவர்கள் பேசும் சொற்களைப் பற்றி நூற்றுப் பத்துப் பக்கம். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் சிதம்பரத்தில் துறை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருஷம் போச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்து என் வீட்டுக்காரர் பண்ருட்டியிலிருந்து ஒரு சி.டி.யோடு வந்தார். முந்திரி கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே பருப்பு உடையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வீட்டில் அவர் கை பட்டு உடையாதது எதுவும் பாக்கி இல்லை.

"புது விண்டோஸ் வந்து எவ்ளோ நாளாச்சு! நாம மட்டும் இன்னும் பழசுலயே கெடக்குறோம்," என்றார்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை தாண்டட்டும்ங்க."

"உன் ஃபைலையெல்லாம் பென் டிரைவ்ல ஏத்திட்டுதான் பண்ணுவேன். ஒரு எழுத்து போவாது. நான் இருக்கேன்ல."

அந்த 'நான் இருக்கேன்ல' கேட்டாலே எனக்குக் கதி கலங்கும். மறுநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் நூலகம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது பழையது அழிந்து, புதியது குடியேறியிருந்தது.

அது எழுந்திரிக்கிற அழகைச் சொல்லவேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு உலை வைத்தால், சோறு வடிக்கிற நேரத்தில் வரவேற்பு சொல்லும். சொன்ன களைப்பில் இன்னும் கால்மணி நேரம் படுத்துக்கொள்ளும். புதியதில் எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளக்குமாம். பளபளக்க ஏதாவது ஒன்று திறக்கவேண்டாமா? வீட்டுக்காரர் மௌசைப் பிடித்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். கோயிலில்கூட மனுஷர் அவ்வளவு பக்தியாகக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஒருவழியாக ஆய்வேடு திறந்தது. ஒரு தமிழ் எழுத்து இல்லை. அத்தனையும் ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று நான் அடித்திருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி.

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா! தானா இங்கிலீஷ்ல மாத்திட்டுது பாரு! புதுசுன்னா சும்மாவா?"

"இது இங்கிலீஷாங்க? எங்க, ஒரு வார்த்தை படிங்க பாப்போம்."

"ஆராய்ச்சி இங்கிலீஷ் அப்டித்தான் இருக்கும். நமக்குப் புரியாது."

இந்த மனுஷரோடு என்ன பேசுவது? சேற்றில் நின்று, படகுக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டு எழுதிய சொற்கள் எல்லாம் போச்சே என்று அடுப்படியில் போய் அழுதேன். அந்த நேரத்திலாவது சும்மா இருந்தாரா? வார்த்தைக்கு வார்த்தை அடியில் சிவப்புக் கோடு ஓடுகிறதே என்று, அது சொன்னபடியெல்லாம் நடுவில் இரண்டு பக்கத்துக்குத் திருத்தி, சேமித்தும் வைத்துவிட்டார்.

"ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஜாஸ்தியா இருந்துச்சு. கொஞ்சம் பாத்துப் போட்டுட்டேன்," என்றார்.

வியாழன் முழுக்க அவர் ரெஃப்ரெஷ் செய்தார், நான் அழுதேன். வெள்ளிக்கிழமை காலை பென் டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். கீழவீதியில் ஒரு டைப்பிங் சென்டர். அங்கே இருந்த கம்ப்யூட்டர் எங்களுடையதைவிடக் கிழம். கீபோர்டில் எழுத்தே தேய்ந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் புது விண்டோஸ் போட்ட கதையைக் கேட்டுக்கொண்டே நடத்துகிற அக்கா ஃபைலைத் திறந்தார். திரை முழுக்கத் தமிழ்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உள்ள இருக்கறது எப்பவுமே இங்கிலீஷ் எழுத்துதாம்மா," என்றார் அக்கா. "மேல ஃபாண்ட் போட்டாதான் தமிழாத் தெரியும். பழசை அழிச்சாருல்ல, கூடவே ஃபாண்டும் போயிருக்கும். எங்ககிட்ட அது இருக்கு."

பிறகு இருபதாம் பக்கம் வந்தது. வலையும் துடுப்பும் இருந்த இடத்தில் வாயில் நுழையாத எழுத்துகள்.

"இன்னாம்மா இது?"

"வீட்டுக்காரர் ஸ்பெல்லிங் திருத்துனாருக்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறித் தண்ணீர் குடித்தார். நல்லவேளை, என் நோட்டுப் புத்தகம் பையில் இருந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும் என்றார். நான் வாசிக்க வாசிக்க, அவர் அந்த இரண்டு பக்கத்தையும் தட்டி முடித்தார். அச்சுக்குப் போடும்முன் நன்றியுரை திரையில் வந்தது. 'கணினிப் பணியில் துணைநின்ற என் கணவருக்கு நன்றி' என்று கடைசி வரி. போன மாதம் நல்ல மனசோடு அடித்தது.

"அக்கா, இந்த ஒரு வரிக்கு மட்டும் ஃபாண்டை எடுத்துருங்க."

"எடுத்தா இங்கிலீஷா ஆயிடுமே?"

"ஆவட்டும்."

கரண்ட் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கடைசித் தாள் வெளியே வந்தது. பைண்டிங் பசை காயாமலே கொண்டுபோய் மூன்றே முக்காலுக்குத் துறையில் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நன்றியுரையில் விரலை வைத்து, "இது என்னம்மா, அச்சுப்பிழையா?" என்று கேட்டார். பின்வரிசையில் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லங்க சார். என் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லியிருக்கேன்," என்றேன். "ஆராய்ச்சி இங்கிலீஷ் சார். நமக்குப் புரியாது."