ஜெரெஜாக் தீவில் என் அத்தான்

நாகப்பட்டினத்தில் ஏறிய ஏழாம் நாள் காலை ஏழு மணிக்குக் கப்பல் பினாங்குத் துறையில் நங்கூரம் போட்டது. மற்றவர்கள் பிழைக்க வந்தார்கள். நான் சண்டைக்கு வந்தேன். என் அக்கா அம்புஜத்தின் கணவர் கோவிந்தசாமி இங்கே ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. இரண்டு வருடமாக அவரிடமிருந்து கடிதமே இல்லை. வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று அவருடைய சிநேகிதர் முத்தையா எழுதியிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினேன்.

ஒன்பது மணிக்கு அக்கரைக்குப் படகு. இரண்டு மைல் கடலுக்குப் பத்துக் காசு. பாகான் டாலாமில் முத்தையா என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அந்த வீட்டைக் காட்டுங்கள்."

"அப்படி வீடு ஏதும் இல்ல தம்பி. பொம்பளையும் இல்ல. அவரு சொல்லித்தான் அப்படி எழுதினேன்." நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "அவரு ஜெரெஜாக்ல இருக்காருலா. குஷ்டரோகிங்க தீவு."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

அனுமதிச் சீட்டை முத்தையாவே வாங்கித் தந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பினாங்குப் பட்டணத்திலிருந்து மாட்டுவண்டியில் கெலுகோர் வரை ஐந்து மைல். கூலி அறுபது காசு. வழியெல்லாம் தென்னை. அங்கிருந்து ஒரு சீனரின் சம்பான் படகு தீவில் இறக்கிவிட்டது.

அத்தான் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். கைகள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. காது தடித்துத் தொங்கியது.

"அங்கேயே நில்லு தம்பி." காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அவரே இடம் மாறி நின்றார்.

"ஏன் அத்தான் இப்படிப் பொய் சொன்னீங்க? அக்கா மண்ணை வாரித் தூத்துறா."

"தூத்தட்டும். கூத்தியா வச்சிருக்கவன் மகளைக் கட்டிக்குவாங்க. பெருவியாதிக்காரன் மகளை யாரு கட்டுவா? செல்லத்துக்குப் பதினாறு ஆகுதில்ல?"

இரண்டு வருடமாக நான் அக்காவின் கண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணீரை அறிந்தே வரவழைத்துவிட்டு, இந்த மரத்தடியில் ஒருவர் இருந்திருக்கிறார்.

"எப்படித் திட்டுறா? சொல்லேன்."

"எதுக்கு அத்தான்?"

"அவ பேச்சைக் கேட்டு ஆறு வருஷமாச்சு."

சொன்னேன். அக்கா சொன்ன ஒவ்வொரு வசவையும் அவள் இழுத்துச் சொல்கிற மாதிரியே சொன்னேன். தலையை ஒருபுறம் சாய்த்து, ஒன்றையும் விடாமல் கேட்டார்.

"அந்தப் பொம்பளைய நீ கண்ணால பார்த்தேன்னு சொல்லிடு. அப்பதான் நம்புவா" என்றார் கடைசியில்.

வெறும் கையோடு திரும்பினேன். பினாங்கு மலை மேகத்துக்குள் மறையும்வரை கப்பல் தளத்தில் நின்றேன். அவ்வளவு அழகான ஊரை மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள்: "அவளப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு" என்றேன்.

செல்லத்தின் கல்யாணம் தை மாதம் நடந்தது. அக்கா இப்போது உயிரோடு இல்லை. அவரைச் சபித்தபடியேதான் போனாள். பெயர்களை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன்.