பதினெட்டு நாள் இல்லாத அலுவலகம்

எங்கள் ஊர் சிங்லூவின் அலுவலகப் பெயர்ப்பலகை மறுபடியும் இறங்கப்போகிறது என்று எனக்குச் சொன்னவர் முடிதிருத்தும் சென். அவருக்குச் சொன்னது அவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பஸ் டிரைவர். டிரைவருக்கு யார் சொன்னார்கள் என்று சென் கேட்கவில்லை. கேட்டால் வதந்தியின் ருசி போய்விடும் என்பது அவர் கட்சி. வருடக் கடைசிக்குள் எங்கள் பேரூராட்சியைக் கலைத்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மாவ்தியானோடு சேர்த்துவிடுவார்களாம். நாங்கள் இனிமேல் அவர்களுடைய பதினோராவது வார்டாம்.

ஊரில் யாரும் பதறவில்லை. சிங்லூ ஆயிரத்து முந்நூறு வருடமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற ஊர். ஒரு காலத்தில் வட்டத் தலைநகர். பிறகு வந்த ஒரு வட்ட அதிகாரிக்கு இங்கே கொசு கடித்ததாம், தலைநகரைத் தூக்கிக்கொண்டு மாவ்தியானுக்குப் போய்விட்டார். நூறு வருடம் கழித்து இன்னொருவரை மாவ்தியான் கொசு கடித்தது, தலைநகர் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை போனது போனதுதான். மாவ்தியான்காரர்கள் கொசுவை ஒழித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, அதிகாரிகளின் தோல் தடித்துவிட்டது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதற்கப்புறம் நாங்கள் கம்யூனாக இருந்தோம், புரட்சிக் குழுவாக இருந்தோம், மறுபடி கம்யூன், ஊராட்சி, பேரூராட்சி. நடுவில் மூன்று வருடம் பக்கத்து ஊரின் வாலாகத் தொங்கினோம், பிறகு அறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஆணையில் எழுதியிருந்த காரணம் ஒன்றுதான்: மக்களின் வசதிக்காக. அந்த வசதியைத் தேடி ஆற்றைக் கடந்து கடந்து தேய்ந்த செருப்புகளை அடுக்கினால் அதன்மேல் நடந்தே மாவ்தியான் போய்விடலாம்.

இத்தனை மாற்றத்திலும் மாறாமல் இருந்த ஒரே அரசாங்கம் வாசல் காவலர் மோ தெஷுன்.

முப்பத்தெட்டு வருடமாக அலுவலக வாசலில் இருக்கிறார். காலையில் கேட்டைத் திறப்பார், கொதிநீர் பாய்லரை மூட்டி மாடிக்குப் பிளாஸ்குகளைக் கொண்டுபோவார், பத்திரிகைகளைப் பிரித்துக் கொடுப்பார். அரசாங்கம் மாறும்போது பலகையை மாற்றுவார். வெள்ளைப் பூச்சில் கறுப்பு எழுத்தோடு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பலகை. பழையதை எரிக்கச் சொல்லித்தான் உத்தரவு வரும். மோ எரிக்க மாட்டார். பாய்லருக்குப் பின்னால் சாய்த்து வைத்து சாக்கைப் போட்டு மூடிவிடுவார். "இறங்கினது ஏறும்" என்பது அவர் கொள்கை. பக்கத்து ஊரிலிருந்து எங்களை அறுத்துவிட்டபோது திறப்புவிழாவுக்குப் பலகை தயாராகவில்லை. தலைவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மோ சாக்கை விலக்கி, மூன்று வருடம் முன்பு இறக்கிய அதே பலகையை ஈரத்துணியால் துடைத்து மாட்டினார். அந்த ஒரு நாள்தான் அவரைக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்தார்கள். அதுவும் தப்பான பெயர்.

ஒரே ஒரு பலகையைத்தான் அவர் வெளியே கொடுத்திருக்கிறார். அவர் வேலைக்கு வருமுன்பே இறக்கிய கம்யூன் காலத்துப் பலகை, நல்ல சைப்ரஸ் மரம், எழுத்து செதுக்கியது. அதைச் சந்தைத் தெருவில் சோயாப் பாலைத் திரித்து டோஃபுக் கட்டி விற்கும் விதவை குவாங்குக்குக் கொடுத்தார், கட்டியை அழுத்தும் பலகையாக வைத்துக்கொள்ளச் சொல்லி. மற்றவர்கள் பூ கொடுப்பார்கள். குவாங் எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டாள் போல, கொஞ்ச நாள் ஊரெல்லாம் 'மக்கள்' என்று இடவலம் மாறிப் பதிந்த டோஃபுவைத் தின்றோம். எனக்கு ஒரு தடவை 'மக்கள்' பாதியும் ஓரத்தில் 'நிர்வாகம்' கொஞ்சமும் வந்தது. ருசியில் வித்தியாசமில்லை.

குவாங்குக்கு ஐம்பத்தெட்டு வயது, மோவுக்கு அறுபத்து மூன்று. ஆறு வருடமாக விடியற்காலையில் அவளுக்குச் சோயா அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கப் போகிறார். ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அவர் படுக்கை இன்னும் வாசல் அறையில்தான். குவாங்கின் நிபந்தனை அப்படி: சிவப்புப் புத்தகம், அதாவது கல்யாணச் சான்று, கையில் இல்லாமல் எந்த ஆணும் அவள் படியைத் தாண்டி உள்ளே தூங்கக் கூடாது. வதந்தி வந்த அன்று அவள் அரைக்கும் கல்லை நிறுத்திவிட்டு அவரிடம் பேசியதை டோஃபு வாங்கப் போன நானும் கேட்டேன்.

"ஆபீஸ் போனா கேட்டும் போகும், கேட்டு போனா உன் ரூமும் போகும். அப்புறம் எங்க படுப்ப? பலகை மேலயா?"

மோ சிரித்தார்.

"சிரிக்காத. உன் கொள்கை பலகைக்கு மட்டும்தானா? ஆபீசைக் கலைச்சு மூட்டை கட்டுறதுக்குள்ள போய்ப் புத்தகம் வாங்கிட்டு வா. கலைஞ்சப்புறம் உன் காகிதம் எந்தப் பெட்டியில இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது. நான் இன்னொரு ஆறு வருஷம் அரைச்சுக்கிட்டு உட்கார மாட்டேன்."

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மோவும் குவாங்கும் இப்போதெல்லாம் மாவ்தியானில் மட்டுமே இருக்கும் திருமணப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். என் குடியிருப்புச் சீட்டைப் புதுப்பிக்க நானும் அதே கட்டடத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. என் வழக்கப்படி ஒவ்வொரு காகிதத்துக்கும் நான்கு நகல் எடுத்துக்கொண்டேன். மோ ஒரே ஒரு காகிதம் எடுத்துக்கொண்டார், அவருடைய விவாகரத்துச் சான்று. பழுப்பேறி, மடிப்பில் டேப் ஒட்டியது.

அவருக்கு முன்பு ஒரு மனைவி இருந்தாள், லியாவ். "நீ கேட்டைக் கட்டிக்கிட்ட, எனக்கு வேற ஆளு கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு 1992இல் முறையாகக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து கடற்கரைப் பக்கம் போனாள். சொன்னபடி ஆளும் கிடைத்தது. இப்போது பேரன் பேத்தியோடு இருக்கிறாளாம்.

கவுண்டரில் வென் என்ற சின்னப் பெண். காகிதத்தைப் பார்த்து, எண்களைத் தட்டி, மறுபடி தட்டினாள்.

"பெரியப்பா, கம்ப்யூட்டர் இதை எடுக்க மாட்டேங்குது."

"பழசும்மா, மெதுவா எடுக்கும்."

"அது இல்ல. உங்க விவாகரத்து செப்டம்பர் இருபத்தெட்டு. முத்திரை சிங்லூ ஊராட்சி. ஆனா சிங்லூ ஊராட்சி செப்டம்பர் இருபத்தொண்ணாம் தேதியே முடிஞ்சுபோச்சு. அன்னிக்கே பேரூராட்சி ஆயிடுச்சு. இல்லாத ஆபீஸ் எப்படி உங்களைப் பிரிச்சு வைக்கும்?"

பெஞ்சில் இருந்த நான் என் சீட்டை எடுத்துத் தேதியை ஒருதடவை பார்த்துக்கொண்டேன்.

மோவுக்கு விஷயம் உடனே புரிந்தது. ஊராட்சியை ஒழித்த ஆணையில் போட்டிருந்த தேதி இருபத்தொன்று. அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது அக்டோபர் ஆறு. புதுப் பலகையைத் திறந்துவைக்க வட்டத் தலைவர்தான் வரவேண்டும் என்று காத்திருந்ததில் மாட்டியது ஒன்பதாம் தேதி. புது முத்திரையும் அன்றைக்குத்தான் வந்தது. நடுவில் பதினெட்டு நாள், தான் செத்துப்போனது முதலில் தெரியாமலும் பிறகு தெரிந்தும், ஊராட்சி தினமும் காலையில் எழுந்து வேலை பார்த்தது. பிறந்தவர்களைப் பதிந்தது, பன்றிக்கு வரி போட்டது, இரண்டு பேரை வேலையைவிட்டு நீக்கியது. கடைசி மூன்று நாளும் புதுப் பலகையைச் சிவப்புத் துணி போட்டு மூடித் தூசி தட்டிக்கொண்டிருந்தவர் மோதான்.

"அப்போ இவரு?" என்று குவாங் கேட்டாள்.

"இவரு இன்னும் அந்த அம்மாவோட புருஷன்தான், அத்தை."

வரிசையில் நின்ற இரண்டு இளம் ஜோடிகள் மோவை ஒரு மாதிரி பார்த்தார்கள். குவாங் கோபப்படவில்லை. பையிலிருந்து வறுத்த பூசணி விதையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தாள். அவள் விதை கொறிக்க ஆரம்பித்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வென் உள்ளே போய்த் தன் தலைவரை அழைத்து வந்தாள். தலைவர் பாங். மூடி போட்ட கண்ணாடிக் குவளையில் தேயிலை மிதக்க, அதற்கு முன்னால் வயிறு மிதக்க வந்தார். அவருக்கும் மோவுக்கும் பழைய பழக்கம். சிங்லூவில் எழுத்தராக இருந்து ஆற்றைக் கடந்து மேலே வந்தவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் எந்தக் காகிதத்திலும் புதிதாகக் கையெழுத்துப் போடாமல் தப்பித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் நோன்பு.

காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மோ அண்ணே, சட்டம் சட்டம்தான். நான் என்ன பண்ண முடியும்?"

"கீழ யாரோட கையெழுத்துன்னு பாருங்க, தலைவரே."

கீழே பாங்கின் கையெழுத்து. இளவயசுக் கையெழுத்து, வால் நீளமாக இருந்தது.

பாங் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தார், தேயிலையைத் திரும்பக் குவளைக்குள்ளேயே துப்பினார். "கையெழுத்து என்னோடதுதான். அது செல்லும். ஆனா ஆபீஸ் இல்லையே. ஆபீஸ் இல்லாத இடத்துல கையெழுத்து மட்டும் தனியா நின்னா எப்படி?" என்றார். இதற்கு ஒரு வழி இருக்கிறது, பழைய மனைவியைக் கடற்கரையிலிருந்து கூட்டிவந்து மறுபடி ஒருதடவை பிரியலாம் என்றார். அவள் இப்போது இரண்டு புருஷன் உள்ளவள் என்று ஆகிறதே, அவள் எப்படி வருவாள் என்று குவாங் கேட்டாள். அது அந்த ஊர் அலுவலகத்தின் பிரச்சினை, எங்கள் எல்லைக்குள் வராது என்றார் பாங்.

மோ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் முப்பத்தெட்டு வருடம் நின்றவருக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. ஆனால் வாசலைத் தாண்டியதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

"தலைவரே, ஒரு சந்தேகம். நீங்க எனக்குப் பால்மிட்டாய் ரெண்டு பொட்டலமும் சிகரெட்டும் குடுத்தீங்களே, அது என்னிக்கு?"

"எந்த மிட்டாய்?"

"உங்க கல்யாண மிட்டாய். தேசிய தினத்துக்கு விருந்து வச்சீங்க. அதுக்கு முந்தின நாள் புத்தகம் வாங்கினீங்க. செப்டம்பர் முப்பது. என்னைப் பிரிச்சு வச்ச ரெண்டாவது நாள். அதே மேஜை, அதே முத்திரை. கேட்டுகிட்ட வந்து சொன்னீங்க, 'ஒருத்தன் வெளிய போனான், நான் உள்ள வந்துட்டேன்'னு. நான் அந்த மிட்டாயைச் சாப்பிடலை, பல்வலி."

வென் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். குவாங் விதைத் தோலைக் கையில் சேர்த்துக்கொண்டு பாங்கின் முகத்தைப் பார்த்தாள், நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பதுபோல.

பாங் உட்கார்ந்தார். பிறகு அவர் முகத்தில் ஒன்று நடந்தது. முதலில் வெளுத்தது. அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ ஒரு பழைய ஜன்னல் திறந்தமாதிரி லேசாக வெளிச்சம் வந்தது. திருமதி பாங் மாவ்தியானின் குழந்தைகள் பள்ளித் தலைமையாசிரியை. அவர் குரல் ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்குக் கேட்கும்.

வென்தான் வழி சொன்னாள். "தலைவரே, ஒரு குறிப்பு எழுதி முத்திரை வச்சா போதும். பொறுப்பைக் கைமாத்துற வரைக்கும் பழைய முத்திரை செல்லும்னு. அப்படி எழுதினா பெரியப்பா பிரிஞ்சவர், நீங்க கல்யாணம் ஆனவர். எழுதலேன்னா பெரியப்பா புருஷன், நீங்க..." மீதியை அவள் முடிக்கவில்லை. நல்ல பெண்.

வெள்ளைத் தாள் ஒன்று வைத்தாள். பாங் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதினார், தேதி போட்டார். முத்திரையை எடுத்துச் சிவப்பு மையில் அழுத்தினார். தாளுக்கு மேலே கொண்டுபோனார். அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆராயணும்," என்றார் மெதுவாக. "இதைக் கொஞ்சம் ஆராயணும்."

"முப்பத்திரண்டு வருஷமாச்சே, இன்னும் என்ன ஆராய்ச்சி?" என்றாள் குவாங்.

அந்த நேரத்தில்தான் மேஜைமேல் இருந்த பாங்கின் கைப்பேசி அடித்தது. வென்னின் அம்மாவும் திருமதி பாங்கும் ஒரே மேஜையில் மாஜாங் காயாட்டம் ஆடுகிறவர்கள். கவுண்டருக்குக் கீழே வென்னின் கட்டைவிரல் தன் கைப்பேசிமேல் கொஞ்ச நேரமாகச் சும்மா இல்லை என்பதை நான் மட்டும்தான் பெஞ்சிலிருந்து பார்த்திருந்தேன். திரையில் 'வீடு' என்று எழுதியிருந்தது.

பாங் அதைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். எடுக்கவில்லை.

மோ இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பலகை மாட்டுவதற்கு முன் ஆணி நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அதே முகத்தோடு, மையில் நனைந்த அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குவாங் கடைசி விதையைக் கடித்தாள்.

"எடுத்துப் பேசுங்க தலைவரே. உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அவங்ககிட்டயே கேட்டுருவோம். அதே பதில் எங்களுக்கும் போதும்."

கைப்பேசி ஓய்ந்தது. பாங் மூச்சு விட்டார். முத்திரை அரை விரற்கடை கீழே இறங்கியது. கைப்பேசி மறுபடி அடிக்க ஆரம்பித்தது.