மூன்று அடிக்கல்லும் வராத பாலமும்

வெள்ளிக்கிழமை, சவுதியின் யான்புவில் எங்களுக்கு வார விடுமுறை. சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. எங்கள் சைட் ஃபோர்மேன் செல்லையா. விடுமுறை நாளில் அவர் என்னைக் கூப்பிடவே மாட்டார்.

"சார், நம்ம 'தண்ணி ஊத்தாதே' சார் போயிட்டாரு சார்."

"எங்க போயிட்டாரு? லீவுக்கு இன்னும் நாள் கெடக்கே?" என்றேன். புத்தி அப்படித்தான் போயிற்று. செல்லையா அழுதார். ராமநாதபுரத்துக்காரர், வாயைத் திறந்தால் கேலிதான் வரும். அந்த மனிதர் அழுதபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. காலையில் ரூமில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் உடனே வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியும் பக்கம், ரோடும் நல்ல ரோடு. அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

'தண்ணி ஊத்தாதே' சார் என்கிற எமெகாவோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எமெகா நைஜீரியாக்காரர், கிழக்குப் பக்கம் ஒரு சிற்றூர். எங்கள் சுத்திகரிப்பு ஆலை விரிவாக்க வேலையில் காங்கிரீட்டின் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். நான் கட்டுமானப் பக்கம். அதாவது, வேலை ஓட வேண்டும் என்று கத்துகிற ஆள் நான், வேலையை நிறுத்துகிற ஆள் அவர். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. பேச்சு சைட் இங்கிலீஷும் இந்தியும் கலந்ததாகத்தான் இருக்கும். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே ஒரு வாக்கியம்தான்: "தண்ணி ஊத்தாதே!" வெயிலில் கலவை லாரி வந்து சேர்வதற்குள் காங்கிரீட் இறுக ஆரம்பித்துவிடும். டிரைவர்கள் ஹோஸைத் திருப்பிக் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். கலவை வெண்ணெய் மாதிரி இறங்கும், வேலை சீக்கிரம் முடியும், பலம் மட்டும் போய்விடும். எமெகா தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். ஆறடிக்கு மேல் உயரம், சங்கு ஊதுவது போன்ற தொண்டை. அந்தத் தொண்டையில் அந்தத் தமிழ் வந்தால் சைட்டே ஒரு கணம் நின்றுபோகும். எங்கள் பையன்கள் அவருக்குப் பெயரே அப்படி வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் பெரிய பம்ப் ஒன்றின் அஸ்திவாரத்துக்குக் காங்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசி லாரி டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்தது. எமெகா வழக்கம்போல, கலவையின் இறுக்கம் பார்க்கிற இரும்புக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கிப் பார்த்தார். கலவை நிற்காமல் கஞ்சியாகப் படுத்துவிட்டது. வழியிலேயே தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

"ரிஜெக்ட்" என்றார்.

"எமெகா பாய், ஹலாஸ், போதும். இந்த ஒண்ண மட்டும் விடுங்க. இதோட முடிஞ்சுது" என்று கெஞ்சினேன். மேலே இருந்து மேனேஜர் வேறு எனக்கு ஃபோன் மேல் ஃபோன்.

அவர் கூம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்ஜினியர், எங்க நாட்டுல இடிஞ்சு விழுந்த எல்லாமே 'இந்த ஒண்ண மட்டும் விடு'ன்னு கட்டினதுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க நாட்டுப் பஞ்சாயத்தை ஏன்யா எங்க சைட்டுல வந்து தீக்குறீங்க?" என்று கத்தினேன். "வேற எங்க தீக்கச் சொல்றீங்க? அங்க என் பேச்சைக் கேக்க ஆள் இல்ல. இங்க லாரி திரும்பிப் போகுதே!" என்றார். லாரி திரும்பிப் போனது. மதியம் எங்கள் மெஸ்ஸில் என் எதிரிலேயே வந்து உட்கார்ந்து, மிளகு ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல காரம் எங்க?" என்று கேட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டிருப்பது? ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினேன்.

அன்றைக்குத்தான் தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். அவர் ஊர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர். கரையில் வரிசையாக மூன்று பளிங்குக் கல், ஒவ்வொன்றிலும் ஒரு தலைவரின் பெயர். மூன்று ஆட்சியில் மூன்று முறை பாலத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பாலம் மட்டும் இல்லை. அந்தக் கற்களின் மேல் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிங்க இன்ஜினியர், பரவால்ல. நாங்களும் சிரிச்சோம். என் தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்த அன்னிக்கு ஓடையில வெள்ளம். அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல" என்றார்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிழற்குடையைப் பற்றிச் சொன்னேன். திறந்துவைத்தவரின் பெயர்ப்பலகைதான் அதில் கூரையைவிட அகலம். கூரை ஒழுகுகிறது, பலகை நனைவதில்லை. எமெகா மேசையில் அடித்துச் சிரித்தார். அவர்கள் ஊரில் தேர்தல் வந்தால் அரிசி மூட்டையில் வேட்பாளர் முகத்தை அச்சடித்துக் கொடுப்பார்களாம். கரண்ட் போய்விட்டு வந்தால் தெருவே மகிழ்ச்சியில் கத்துமாம். "அந்தச் சத்தம்தான் எனக்கு ஆகாது. நம்ம வரியில நமக்கு வர வேண்டியது. அதுக்கு எதுக்குக் கைதட்டணும்? கைதட்டக் கைதட்ட, அவன் தன் வீட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்த மாதிரி நெனச்சுக்கிறான்."

அவர் நாட்டில் தேர்தல் வந்தபோது வருடாந்திர லீவை அதற்கென்றே வாங்கிக்கொண்டு போனார். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை, நேரில் போனால்தான் உண்டு. எங்களுக்கெல்லாம் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. லீவு என்பது கல்யாணத்துக்கும் வீடு கட்டவும்தானே? அவர் ஊர் வழக்கத்தைச் சொன்னார். வாக்களித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். மாலையில் அங்கேயே பெட்டியைத் திறந்து, அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டுவார். கூடியிருக்கும் கூட்டம் முழுவதும் சேர்ந்து உரக்க எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊரே எண்ணுகிற சத்தத்தை ஃபோனில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் மேலே அறிவித்த கணக்கு வேறாக இருந்தது என்று முகம் வாடித்தான் திரும்பிவந்தார். செல்லையா விடவில்லை. "அடுத்த தடவையும் போவீங்களா எமெகா பாய்? வேஸ்ட்டுதானே?"

"போவேன். நான் போகலேன்னா எண்ணும்போது ஒரு குரல் குறையும்ல?"

செல்லையா அதற்குப் பிறகு அந்தக் கேலியைப் பண்ணவில்லை.

எமெகாவின் உடல் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் மதியம் அவர் மனைவி சியோமா என்னைக் கூப்பிட்டார். ஊரில் பள்ளி ஆசிரியை. ஓரிரு முறை வீடியோவில் வணக்கம் சொன்னதோடு சரி, பேசியதில்லை. குரலில் அழுகை இல்லை, அவசரம் இருந்தது. அவர்கள் வட்டாரத் தலைவர் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அடக்கத்துக்கு வரும் வண்டிகள் தாண்ட, புல்டோசர் வைத்து ஓடையை மண்ணால் மூடித்தருகிறாராம். அன்றைக்கே பாலத்துக்குப் புதிதாக அடிக்கல்லும் நாட்டுவாராம். பாலத்துக்கு எமெகாவின் பெயர். சியோமா மேடையில் உட்கார்ந்து நாலு வார்த்தை நன்றி சொன்னால் போதும்.

"எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாரும் சரிங்கறாங்க. பாலம் வந்தா நல்லதுதானே, அவர் பேரும் நிக்குமேங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆனா நான் வேண்டாம்னு சொல்லி, பாலம் வராமப் போனா, நாளைக்கு ஒரு புள்ளைய வெள்ளம் கொண்டுபோனா, அந்தப் பழி என் தலையிலதானே?"

"இதை ஏம்மா என்கிட்ட கேக்கறீங்க?" என்றேன்.

"மத்தவங்க எல்லாரும் அவரைப் புகழ்றாங்க. நீங்க ஒருத்தர்தான் அவரோட சண்டை போட்டவர். அவர் என்ன சொல்லியிருப்பார்னு உங்களுக்குத்தான் தெரியும்."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. செத்த மனிதரின் பெயரில் ஒரு பாலம், அதைக் கெடுக்க நான் யார்? ஆனால் அந்த மூன்று கல்லும் கண்முன் வந்து நின்றன. "நான் முடிவு சொல்ல முடியாதும்மா. ஆனா எமெகா கல்லைப் பாத்திருக்க மாட்டார். கலவை லாரி எப்ப வரும்னு ஒரே கேள்விதான் கேட்டிருப்பார். வந்த அன்னிக்கும் நன்றி சொல்லியிருக்க மாட்டார், கூம்பைத்தான் எடுத்திருப்பார்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. "தெரியும். வீட்டுக்குச் சுவர் கட்டினப்பவும் அந்தக் கூம்போடதான் நின்னார்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அடக்கத்தை எமெகாவின் தம்பி ஃபோனில் நேரலையாகக் காட்டினார். மெஸ் ஹாலில் பெரிய டிவியில் இணைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். தமிழர், மலையாளி, பாகிஸ்தானி டிரைவர்கள், எமெகா திருப்பியனுப்பிய லாரிகளின் டிரைவர்கள்கூட. புல்டோசர் வரவில்லை. சியோமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இளைஞர்கள் அந்தக் கரையிலிருந்து சவப்பெட்டியைத் தோளில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். பின்னால் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பெட்டி ஒருமுறை சாய்ந்தது. ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டோம், ஏதோ நாம்தான் பிடித்து நிறுத்த முடியும் என்பதுபோல. அவர்கள் சமாளித்துக் கரையேறினார்கள்.

தலைவரின் கார் வரிசை அந்தக் கரையில் நின்றது. வெள்ளை வெளேர் அங்கி, பளபளக்கிற ஷூ. யாரோ அவரை முதுகில் தூக்கி வர இறங்கினார்கள். இந்தக் கரையிலிருந்து ஒரு கிழவர் சத்தம் போட்டார். என்ன சொன்னார் என்று தம்பி பிறகு சொன்னார்: "பிணமே தண்ணியில வந்திருக்கு, உனக்கென்ன?" அத்தனை ஃபோன்களும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தலைவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்.

அவர்கள் கூட்டங்களும் நம்மூர் மாதிரியேதான். மைக்கைப் பிடித்தவர் முதலில் பெரிய மனிதர்களின் பெயரையெல்லாம் சொல்லி வரவேற்று நன்றி கூற வேண்டும். மைக்கோடு நின்றவர் தொண்டையைச் செருமினார். சியோமா எழுந்து போய் மைக்கை வாங்கி, எங்களுக்கும் புரியும்படி இங்கிலீஷில் பேசினார்.

"என் புருஷனைத் தண்ணியைத் தாண்டித் தூக்கி வந்த பிள்ளைங்களுக்கு நன்றி. வேற யாருக்கும் இன்னிக்கு நன்றி இல்ல. தலைவரே, நீங்களும் நனைஞ்சுதான் வந்திருக்கீங்க. ஓடை எவ்வளவு ஆழம்னு இப்ப உங்களுக்கும் தெரியும். கல்லு வேண்டாம், எங்ககிட்ட மூணு இருக்கு. கலவை லாரி என்னிக்கு வரும்னு மட்டும் ஊர் முன்னாடி சொல்லுங்க. அவரோட சவுதி ஆளுங்க பாத்துட்டு இருக்காங்க. மோசமான லாரியைத் திருப்பி அனுப்ப அவங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அவர் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருக்கார்."

கூட்டத்தில் எழுந்த ஆரவாரத்தில் ஃபோன் கரகரத்தது. எங்கள் ஹாலில் செல்லையா நாற்காலி மேல் ஏறி நின்று, கண்ணீர் வழிய, "தண்ணி ஊத்தாதே!" என்று அலறினார். பாகிஸ்தானி டிரைவர்கள் உட்பட அத்தனை பேரும் திருப்பிக் கத்தினார்கள். எமெகாவுக்கு யான்புவில் நடந்த அஞ்சலிக் கூட்டம் அதுதான்.

தலைவர் அன்றைக்குத் தேதி எதுவும் சொல்லவில்லை. பாலம் இன்னும் வரவில்லை. சியோமாவின் தலைமையில் ஊர்ச் சங்கத்துப் பெண்கள் ஒவ்வொரு சந்தை நாளும் வட்டார அலுவலக வாசலில் போய் நின்று, "லாரி எப்போது?" என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். நாலாவது கல் வரவில்லை. அதுவே பெரிய விஷயம் என்கிறார் தம்பி. எனக்கு அது போதாது. எமெகாவுக்கும் போதாது. சென்ற வாரம் சியோமாவிடம் பேசும்போது, அடுத்த தேர்தலில் எண்ணும்போது எமெகாவின் குரல் இருக்காதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஏன் இருக்காது? அவர் பங்கையும் சேத்து நான் கத்துவேன்" என்றார்.

எங்கள் சைட்டுக்குப் புதிய இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். சின்னப் பையன்தான், நல்லவன்தான், சட்டென்று பயந்துவிடுகிறான். நேற்று ஒரு லாரி தாமதமாக வந்தது. டிரைவர் என் தோளில் கை வைத்து, "பாய், இந்த ஒண்ண மட்டும்…" என்று ஆரம்பித்தார். மேனேஜரிடமிருந்து ஃபோன் என் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. வேலை ஓட வேண்டும் என்று கத்துகிற ஆள் நான்தானே? ஆனால் எனக்குள் ஒரு கோபம் கிளம்பியது பாருங்கள், அது என்னுடைய பழைய கோபம் இல்லை. இதற்கு ஆறடி உயரம் இருந்தது. எமெகாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்தக் கோபம்தான். லாரியைத் திருப்பி அனுப்பினேன்.