ஆவணியில் உவர்க்கும் கிணறு

யாழ்ப்பாணத்தில் பூட்டிக்கிடக்கும் வீடெல்லாம் வெறும் வீடு இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது யாரோ ஒரு பெண்ணுக்கென்று கட்டி வைத்த சீதன வீடு. அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதுதான் ஆகியிருக்கும், இன்னும் கொப்பியில் கோழிக்குஞ்சு கீறிக்கொண்டிருப்பாள், ஆனாலும் வீடு அவளுக்காகக் காத்திருக்கும். வாடகைக்குக் கேட்டால், "விட்டால் எழும்பமாட்டினம், பிறகு பிள்ளையின்ரை கலியாணம் குழம்பும்" என்று சொல்லித் கதவுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். மலைநாட்டில், பதுளையில் பதின்மூன்று வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு வந்தவள் நான். அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க உடுவில் ஊர் ஒழுங்கைகளில் மழையில் நனைந்து விசரி மாதிரி அலைந்தேன்.

அலையாமல் என்ன செய்வது? எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பதுளையில் எங்கள் வீடு எரிந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை விறகு அறையில் இரண்டு நாள் ஒளித்து வைத்தது. அந்த இரண்டு நாளும் என் மகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். கையை எடுத்த பிறகும் அவள் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

கணவருக்கு வேலையில் இடமாற்றம் கிடைக்கவில்லை. அவர் பதுளையிலேயே கந்தோரில் இருந்தார். நானும் மகளும் யாழ்ப்பாணக் கரையோரம் குருநகரில் என் அண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்துவிட்டேன். கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்கிற நாட்களில் அவள் கட்டிலை விட்டு எழும்ப மாட்டாள். அப்படியே ஒரு வருஷம் போனது. உடுவிலில் நல்ல பெண்கள் கல்லூரி இருக்கிறது, கடலுக்கும் தூரம், அங்கே கொண்டுபோய்ப் பார் என்று அண்ணைதான் சொன்னார். கூட்டிக்கொண்டு போனேன். அதிபர் அம்மா என் மகளைப் பார்த்தார், அவள் கொப்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இடம் தாறன். ஆனால் விடுதி நிறைஞ்சு போச்சு. குருநகரிலையிருந்து ரெண்டு பஸ் பிடிச்சு வரவேணும், எந்த நாள் றோட்டை மறிப்பாங்களெண்டு தெரியாது. நடந்து வரக்கூடிய தூரத்திலை ஒரு வீடு எடுங்கோ. தை பிறக்கேக்கை பிள்ளையைக் கொண்டு வாங்கோ."

வெளியே வந்து வாசலில் நின்றபோது மகள் என் கையைப் பிடித்து, "இது நல்ல பள்ளிக்கூடம்" என்றாள். மூன்று சொல். ஒரு வருஷத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் மூன்று சொல். இனி நான் வீடு பிடிக்காமல் விடுவேனா?

ஆனால் வீடு கிடைத்தால்தானே. ஒரு வீட்டில் நாய் படலை வரைக்கும் கலைத்தது. ஒரு வீட்டில் அந்த அம்மா தேத்தண்ணி எல்லாம் தந்து, மெல்ல, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். குருநகர் என்றேன், மீன்பிடிக்கிற சனத்தின் ஊர். அடுத்த நிமிஷம் அந்த வீடு ஏற்கெனவே யாருக்கோ பேசியாகிவிட்டது. கோதாரியில் போன வீடு, நீங்களே வைத்துக் கும்பிடுங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு படலையைத் தாண்டினேன். கணவர் கடிதத்துக்குக் கடிதம், "வீடு கிடைத்ததா? ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று எழுதுவார். அவரும் ஒரு நாள் வந்து நனைந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மார்கழி நடுப்பகுதியில் ஒரு பின்னேரம், ஒழுங்கை முடக்கில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே சேலையைப் பிழிந்துகொண்டு நின்றேன். சைக்கிளில் வந்த ஒரு பெண் இறங்கினாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை முடிந்து வருகிறவள். முப்பது வயதிருக்கும், ஒல்லி, பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள்.

"ஆரைத் தேடுறியள், அக்கா? முந்தநாளும் இதிலை நிண்டனீங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கதை முழுவதையும் சொன்னேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். ஒரு பழைய வீட்டில் அவளும் தாயும் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், அவளுடைய தகப்பன் சாகுமுன் அவளுக்கென்று கட்டிவிட்டுப் போன புது வீடு. மூன்று அறை, சீமெந்து நிலம். அங்கேதான் கிணறும். வேலியில் ஆள் நுழைகிற மாதிரி ஒரு பொட்டு வைத்திருந்தார்கள், பழைய வீட்டுக்காரரும் அதால் வந்துதான் தண்ணீர் அள்ளுவார்கள்.

தாய்க்காரி முகத்தைச் சுளித்தார். வழக்கமான பாட்டைத் தொடங்கினார். மகள் இடைமறித்தாள்.

"என்ரை வீடுதானே, அம்மா. குடுங்கோ. சும்மா பூட்டிக் கிடக்குது."

நான் முந்திக்கொண்டு, "நாங்கள் குருநகர், மாதாவைக் கும்பிடுற வேதக்காரர்" என்றேன். பிறகு தெரியவந்து இன்னொரு தரம் அவமானப்பட எனக்குத் தெம்பில்லை.

"நான் அதைக் கேட்டனானே?" என்றார் தாய். "வெள்ளிக்கிழமையிலை மட்டும் மச்சம் மாமிசம் காய்ச்சாதேங்கோ. மற்றது, இவளின்ரை கலியாணக் காரியம் ஒப்பேறினால் ஒரு மாதத்திலை எழும்பித் தரவேணும். அப்ப அழக்கூடாது."

"ஓம் அம்மா, ஓம்" என்று பத்துத் தரம் சொன்னேன். ஒப்பேறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வருஷம் நல்ல வருஷம், சும்மா சொல்லக்கூடாது. மகள் நடந்து போய் நடந்து வந்தாள், ஏழு நிமிஷம். வீட்டுக்காரியின் மகளை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் மகள் அவளை 'கிணத்தடி அக்கா' என்பாள், எனக்கும் அதே பெயர் வந்துவிட்டது. பின்னேரங்களில் அவள் குடத்தோடு பொட்டால் வருவாள், மகள் கணக்குக் கொப்பியோடு போவாள். கிணற்றுக்கட்டில் இருந்து இரண்டு பேரும் கணக்குச் செய்வார்கள். ஒரு நாள் குசினிக்குள் நின்ற எனக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடைய சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவேயில்லை. எட்டிப் பார்த்தால் என் பிள்ளை. அகப்பையைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அடுத்த தை மாதம் தரகர் வந்தார். பருத்தித்துறைப் பக்கத்து மாப்பிள்ளை, சவூதியில் இருந்து வந்து நிற்கிறார், சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. இனி வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. பிடித்தால் பங்குனியில் கலியாணம்.

மகளுக்கு அந்த வருஷ முடிவில் அரசாங்க ஓ.எல். சோதினை. பங்குனிக்குள் எங்கே போவது? திரும்பவும் குருநகருக்கா, கட்டிலுக்கா? அடுத்த நாளே குடையைத் தூக்கிக்கொண்டு வீடு தேட இறங்கினேன். முந்தின வருஷமாவது மறுக்க வீடு இருந்தது. இப்போது இடம்பெயர்ந்து வந்த சனம் ஒரு வீட்டில் மூன்று குடும்பமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளில் நின்று, "மாதாவே, உந்தக் கலியாணம் குழம்பவேணும்" என்று மன்றாடினேன். கேட்டுவிட்டு எனக்கே நா கூசியது. ஆனாலும் அந்தக் கிழமை முழுக்க ஒவ்வொரு செபமாலைக்கும் அதையேதான் கேட்டேன்.

வீட்டுக்காரி வந்து, "அவை வரேக்கை வீடு பளிச்செண்டு கிடக்கவேணும், பிள்ளை" என்றார். என்ன செய்ய? எங்களை எழுப்பப்போகிற ஆட்களுக்காக ஜன்னல் கம்பியெல்லாம் நானே துடைத்தேன். நிலத்தைத் தேய்த்துக் கழுவினேன். கோபத்தில் தேய்த்ததில் சீமெந்து கண்ணாடி மாதிரி மின்னியது.

மாப்பிள்ளையின் தாய் வந்தார். உயரமான, காய்ந்த உடம்பு. சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார், கதவுகளை எண்ணினார். பெண் பழைய வீட்டுக்குள் இருந்தாள். வீட்டுக்காரி பலகாரம் எடுக்கப் போனார். அந்த அம்மா நேரே கிணற்றடிக்கு நடந்தார். என் மகள் அங்கே பள்ளிக்கூடச் சட்டைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். முகம் மலர்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, எங்கடை ஊரிலை கிணறெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணிக்கு அரை மைல் குடத்தோடை நடந்தே என்ரை இடுப்புப் போச்சு. வாற மருமேளும் என்ரை மகனும் நல்ல தண்ணி குடிக்கவேணும், எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். மாரியிலை எல்லாக் கிணறும் நல்ல தண்ணிதான். வீட்டுக்காரரைக் கேட்டால் நல்லதெண்டுதான் சொல்லுவினம். நீர் குடியிருக்கிறனீர், உம்மட்டைத்தான் கேக்கவேணும். கோடையிலை எப்பிடி?"

நான் முன்கூட்டி ஒன்றும் யோசித்து வைக்கவில்லை, சத்தியமாக இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஆவணியிலை கொஞ்சம் உவர் தட்டும், அம்மா."

"குடிக்கேலாதோ?"

"குடிக்கலாம். ஆனால் தேத்தண்ணிக்குப் பால் விட்டால் திரையும். சவர்க்காரமும் நுரைக்காது."

முழங்கை வரைக்கும் நுரையோடு என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்க்காததுபோல் வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "சொன்னது நல்லதாப் போச்சு, பிள்ளை" என்று என் தோளைத் தொட்டார். உள்ளே போய்ப் பலகாரம் சாப்பிட்டு, நன்றாகச் சிரித்துக் கதைத்துவிட்டுத்தான் போனார்.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்து, சரிவரவில்லை என்று சொன்னார். வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று பெரிதாக அழுதது கேட்டது. "தண்ணியைப் பற்றி ஆரோ சொல்லிப்போட்டினமாம். எந்தப் பாழ்படுவார் சொன்னதோ!" நான் குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கவனிக்காமல் அரை அரிசியைத் தண்ணீரோடு ஊற்றிவிட்டேன். எழும்பத் தேவையில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம் வந்ததை ஏன் மறைக்கவேண்டும்? வந்தது. அதோடு சேர்ந்து வெட்கமும் வந்தது.

மகள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டினாள், அவ்வளவுதான். எதற்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அது என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை அவள் வாயைப் பொத்தியது என்னுடைய கை மட்டும்தான்.

அந்தக் கிழமை முடிய, ஒரு பின்னேரம் கிணற்றடி அக்கா குடத்தோடு பொட்டால் வந்தாள். அவள் கப்பியில் வாளியை விட்டு அள்ளினாள். கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஓம் அக்கா. உவர்தான்."

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "நான் பாவி, தங்கச்சி. இப்பவே பருத்தித்துறைக்குப் போறன், அந்த அம்மாவின்ரை காலிலை விழுந்து உண்மையைச் சொல்லுறன்."

"வேண்டாம். அவை வேறை இடம் பேசி முடிச்சிட்டினம்." குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "பிள்ளைதான் என்னட்டைச் சொல்லி அழுதவள். அவளைப் பேசாதேங்கோ. அம்மாவுக்கு நான் சொல்லேல்லை, சொன்னால் இண்டைக்கே உங்களை எழுப்பிப்போடுவா. சோதினை மட்டும் இருங்கோ."

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "கொப்பியைக் கொண்டு வா. எத்தினை நாள் கணக்குச் செய்யேல்லை!" என்று என் மகளைக் கூப்பிட்டாள். மகள் ஓடி வந்தாள். இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் இருந்தார்கள். நான் அங்கே நிற்கத் தகுதியில்லாமல் உள்ளே போய்விட்டேன்.

மகள் என்னோடு மெல்ல மெல்லத் திரும்பக் கதைத்தாள். சோதினையும் எழுதினாள், கணக்கில் அதிவிசேட சித்தி. அடுத்த மாசியில் நாங்கள் வீட்டைக் காலி செய்து கொடுக்கும்வரை கிணற்றடி அக்காவுக்கு வேறு சம்பந்தம் எதுவும் வரவில்லை.

இடையில் ஆவணி வந்தது. ஒரு துளி மழை இல்லை, கிணற்றில் நீர் அடிக்கட்டு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒவ்வொரு காலையும் யாரும் எழும்புமுன் நான் கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கொஞ்சமாவது, ஒரு சொட்டாவது உவர் தட்டாதா என்று மாதாவை மன்றாடினேன். அந்த மாதம் முப்பத்தொரு நாளும் இளநீர்போல இருந்தது அந்தத் தண்ணீர். அதிலேதான் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். பால் ஒரு நாளும் திரையவில்லை.