எங்கள் கொல்லைக்கு வந்த கூரை

லலிதா அக்கா வேலை முடிந்து வந்தால், வாசல் பூட்டில் சாவியைப் போடும் முன் ஒரு தடவை அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். புனேக்கு அருகே தேஹு ரோட்டில், பக்கத்து வீட்டிலிருந்து எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். மழை நாளிலும் அந்தப் பழக்கம் விட்டதில்லை.

அக்காவுக்குப் பள்ளிக்கூட லேபில் உதவியாளர் வேலை. புனேயில் வானம் பார்ப்பவர்களின் சங்கத்தில் சேர்ந்து, கண்ணாடியைத் தானே தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்தார். அதைத் தினமும் வெளியே தூக்கிவர முடியவில்லை. 1998-இல் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகையையே அதற்கு வீடாக்கினார்கள். அவர் கணவர் சங்கரன் அண்ணன் தொழிற்சாலையில் வெல்டர். கொட்டகையின் கூரையைத் தனியாக அறுத்தெடுத்து, நகரும் கேட்டுக்குப் போடும் சக்கரங்களை அதில் பொருத்தினார். தெற்குப் பக்கம் இரும்புத் தடம் நீட்டினார். தள்ளினால் கூரை விலகி வானம் திறக்கும்.

பிப்ரவரியில் ஒருநாள், இருட்டியதும் தள்ளிப் பார்த்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏக்தம் வெண்ணெய் மாதிரி போகுது பாரு!" என்றார் அண்ணன்.

"போகுது. எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. அகத்தியர் நட்சத்திரத்தப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும்? அதையே மறைச்சிட்டு நிக்குது உங்க கூரை!"

அந்த நட்சத்திரம் தெற்கே தாழ்வாகத்தான் வரும். சங்கத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அக்காவின் கண்ணாடியில் மட்டும் அது இன்னும் விழவில்லை.

"அவர் குள்ள முனிவராச்சே, நான் என்ன பண்றது?" என்றார் அண்ணன். பிறகு யோசித்தார். வடக்கே அவர்கள் வீடு, கிழக்கே வேப்பமரம். "மேற்கால தள்ளலாம். ஆனா பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு மேல வரும். நீ கேட்டுப் பாரேன்."

"துணி காயப்போடற இடத்த எப்படிங்க கேக்கறது? ரமா பாவம், வேணாம்னுகூட வாயத் திறந்து சொல்லாது."

அந்த ரமா நான்தான். அன்றே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சரி என்றார். காலையில் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்தேன். அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"கொடிய ஏன்மா அவுக்கறே?"

"வாசல்ல கட்டிக்கறேன்க்கா. கூரை இந்தப் பக்கம் வரட்டும்."

"அரே, ரமா பேசிடுச்சு!" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார்.

துணிக்கொடிக் கம்பங்கள் நின்ற இடத்தில் இரும்புத் தூண் நட்டு, தடத்தை மேற்கே திருப்பினார். பங்குனி பிறப்பதற்குள் வேலை முடிந்தது. அன்று இரவு தொலைநோக்கியில் அகத்தியரைப் பார்க்கக் குனிந்த அக்கா நிமிரவே இல்லை.

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைடி," என்றார் அண்ணன்.

"ரமா பார்க்கட்டும், அப்புறம் நீங்க."

ஊரில் இப்போது விளக்குகள் பெருகிவிட்டன. மங்கலான நட்சத்திரங்கள் தெரிவதில்லை, அகத்தியர் தெரிகிறார். மேகம் இல்லாத நாட்களில் கூரை எங்கள் கொல்லைக்கு மேல் வந்து நிற்கிறது. எங்கள் துணி வாசலில் காய்கிறது.