சாமி அலமாரியில் இன்ஷூரன்ஸ்

போன சனிக்கிழமை, நாங்கள் குடியிருக்கும் மராத்தி ஊரில், கசார்வாடி பக்கம் எங்கள் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது. ஓட்டியது என் மகள் வித்யா. பக்கத்து சீட்டில் இருந்தபடி இல்லாத பிரேக்கை மிதி மிதி என்று மிதித்தவன் நான்.

இன்ஷூரன்ஸ் என்றால் என்ன? அதுவரை என்னிடம் ஒரே பதில்தான் — அது இருந்தால் விபத்தே வராது! அதனால் அந்தப் பேப்பரை வீட்டில் சாமி அலமாரியில் வைத்திருந்தேன். தசராவுக்குக் காருக்குச் சாமந்தி மாலை போடும்போது, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு. சிரிக்காதீர்கள்... டிராஃபிக் போலீஸிடம் காட்டுகிற காகிதம் என்றுதானே நீங்களும் நினைத்திருக்கிறீர்கள்?

விழுந்தவர் பக்கத்துப் போசரி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கூடியது. உடனே நான், "இன்ஷூரன்ஸ் ஹை! இன்ஷூரன்ஸ் ஹை!" என்று, அது இருக்கிற தைரியத்தில் இரண்டு கைகளையும் தூக்கி இந்தியில் கத்தினேன். அரோகரா போடுகிற மாதிரி!

வித்யா அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். "சலா காகா" என்று மராத்தியில் கூப்பிட்டு, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். போலீஸுக்கு போன் பண்ணியதும் அவளேதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு. கை சேரும்வரை லேத்தைத் தொட முடியாது. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. மகளை ஓரமாக இழுத்துப் போனேன்.

"நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்டி. இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கே. கேஸு, கோர்ட்டுன்னு..."

"நக்கோ அப்பா, வேண்டாம். பொய் சொன்னா இவரோட கிளெய்ம் மாட்டிக்கும்."

"இவருக்கு எதுக்குடி கிளெய்ம்? நம்ம வண்டிக்குத்தானே இன்ஷூரன்ஸ்?"

"பம்பரை விடுங்கப்பா. நம்மால அடிபட்டவருக்குத்தான் முதல்ல. அதுக்குத்தான் கம்பல்சரியே. ஆக்சிடென்ட் வராம பாத்துக்க சாமி இருக்கார். வந்தப்புறம் ஓடாம நிக்கத்தான் இது!"

வருஷா வருஷம் பிரீமியம் கட்டியவன் நான். அர்த்தம் தெரிந்தவள் அவள்!

போலீஸ்காரர் வந்தார். யார் ஓட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான். தப்பு என்னோடது" என்றாள் மராத்தியில். கட்டுப்போட்ட கையோடு லேத்காரர் நிமிர்ந்தார்.

"இந்தப் பொண்ணு ஓடிப்போகலை, சாஹேப்."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"மீ ஹிச்சா பாபா!"

இவளுடைய அப்பா என்றுதான் சொன்னேன்... நர்ஸ் ஓடிவந்து அதட்டுகிற அளவுக்குச் சத்தமாக!